கண்ணுக்கு அண்மையும் கைக்குச் சேய்மையும்: ‘டைம் ட்ரவலர்’ விளையாட்டு பற்றி ஒரு நோக்கு

கணனி விளையாட்டினைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில் உள்ள தயக்கம் தமிழ் விமரிசன உலகில் முற்றாக நீங்கிவிட்டதெனக் கூறுவதற்கில்லை. ‘வெறும் பொழுதுபோக்கு’ என்னும் ஒரு தொடரால் அதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், நாவலும் திரைப்படமும் தத்தம் தொடக்க காலங்களில் இதே தொடரால் ஒதுக்கப்பட்டவையே என்பது மறக்கற்பாலதன்று. ஒரு கலைவடிவம் தனது இயல்பு யாதெனத் தேடித் தடுமாறும் காலத்தில் தோன்றும் ஆக்கங்கள், அது முதிர்ந்தபின் தோன்றும் ஆக்கங்களைக் காட்டிலும் அவ்வடிவத்தின் உள்முரண்பாடுகளை வெளிப்படையாகக் காட்டுவதுண்டு. வெற்றி பெற்ற ஆக்கத்தில் முரண்பாடு மறைந்து நிற்கும். முழு வெற்றி பெறாத ஆக்கத்தில் அது வெளியே துருத்தி நிற்கும். சேகா நிறுவனம் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட, ‘காலப் பயணி’ எனத் தமிழிற் பொருள்படும் ‘டைம் ட்ரவலர்’ என்ற நாணயப்பொறி விளையாட்டு இவ்வகையில் ஆராயத்தக்கது.

அக்காலத்து விளையாட்டுக் கூடங்களில் நாணயமிட்டு ஆடப்பட்ட பொறிகள் யாவும் ஏறத்தாழ ஒரே தோற்றத்தன. நிமிர்ந்த பெட்டி, அதன் முகப்பில் ஒரு கண்ணாடித் திரை, திரையின் கீழே பிடியும் பொத்தான்களும் என்பதே அவற்றின் பொது அமைப்பு. ‘டைம் ட்ரவலர்’ பொறியில் ஆடுவோனுக்கு எதிரே திரை இல்லை. அவன்முன் இருப்பது கரிய சிறு மேடை. அம்மேடைமீது, பொம்மையளவினரான மனிதர் வெற்றுவெளியில் நின்று வாள் வீசுவர், துப்பாக்கி சுடுவர், விழுந்து மடிவர். அவர்கள் ஓவியரால் வரையப்பட்ட உருவங்கள் அல்லர். உடையணிந்து நடித்த உண்மையான நடிகர்களின் படம்பிடிக்கப்பட்ட அசைவுகளே அங்கு காட்சியாயின. பெட்டியைச் சுற்றி நின்றோர் வியந்தமைக்கு இதுவே காரணம்.

கதை மிக எளிமையானது. வல்கோர் என்னும் கொடிய அறிவியலாளன் காலத்தின் ஓட்டத்தைத் திரிக்கும் வழியைக் கண்டறிந்து, வரலாற்றையே அழிக்க முனைகிறான். கை-லா என்னும் இளவரசியைச் சிறைப்படுத்தியும் வைத்திருக்கிறான். அமெரிக்க மேற்குப் பிரதேசத்துக் காவலனாகிய மார்ஷல் கிராம், வரலாற்றுக்கு முந்திய காலம் தொட்டு எதிர்காலம் வரையும் பயணஞ் செய்து அவளை மீட்க வேண்டும். கதையைச் சுருக்கிக் கூறிய அளவில் அதன் வறுமை புலப்படும். கதையின் வறுமையை மட்டும் எடுத்துக்காட்டி அமைவதாயின் இவ்விளையாட்டைப் பற்றி நீண்டதொரு கட்டுரை தேவையில்லை. அது மேற்கொண்ட காட்சி வடிவத்துக்கும், ஆடுவோனுக்கு அது வழங்கிய பங்குக்கும் இடையே உள்ள உறவே இங்கு நுணுகி நோக்கற்பாலது.

முதலில் காட்சியின் இயல்பைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். இவ்விளையாட்டு ‘ஹொலோகிராம்’ என்ற பெயராலேயே விளம்பரப்படுத்தப்பட்டது. உண்மையில் அது ஹொலோகிராம் அன்று. ஹொலோகிராமின் கோட்பாட்டை 1947 ஆம் ஆண்டில் வகுத்தவர் டெனிஸ் கேபர் என்னும் பௌதிகவியலாளர். அதற்காக அவருக்கு 1971 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு பொருளிலிருந்து வரும் ஒளியலைகளும் துணைக்கு நிறுத்தப்பட்ட பிறிதோர் ஒளிக்கற்றையும் ஒன்றோடொன்று தலையிடும்போது உண்டாகும் கோலத்தைப் பதிவுசெய்து, அப்பதிவிலிருந்து பொருளின் ஒளியை மீண்டும் எழுப்புவதே அம்முறை. 1960 இல் லேசர் தோன்றிய பின்னரே அது நடைமுறையில் வளர்ச்சி கண்டது. ஹொலோகிராமிற் பதிந்த பொருளைத் தலையைச் சாய்த்துப் பக்கவாட்டிலும் ஓரளவு காணலாம். முன்னுள்ளது பின்னுள்ளதை மறைப்பதும் விடுப்பதும் புலப்படும்.

‘டைம் ட்ரவலர்’ பொறியில் நிகழ்வது இதனினும் மிக எளிய ஒளியியல். பாடசாலைப் பௌதிகத்தில், குழிவாடியின் வளைவு மையத்தில் வைக்கப்பட்ட பொருளின் மெய் விம்பம் அம்மையத்திலேயே தலைகீழாகத் தோன்றும் எனக் கற்பிக்கப்படுகிறது. பெட்டியினுள்ளே மறைந்திருக்கும் தொலைக்காட்சிக் குழாயின் ஒளியைப் பெரிய வளைந்த ஆடியொன்று தெறிக்கச்செய்து, மேடைக்கு மேலே வெளியிற் குவிக்கின்றது. ஆகவே அங்கு தோன்றுவது காற்றில் நிற்கும் மெய் விம்பம். ஆயின் அது ஒரு தட்டையான திரையின் விம்பமாதலால், விம்பமும் தட்டையானதே. மேடையை நோக்கும்போது உருவம் விலகி நிற்பது தெரியும். உருவத்தின் முதுகையோ விலாவையோ எவ்வாறு சாய்ந்தும் காணமுடியாது. கண்ணுக்கும் ஆடிக்கும் நடுவே விம்பம் அமையும் கோணத்தில் நிற்போருக்கு மட்டுமே அது தெரியும். விம்பத்துக்கும் ஆடிக்கும் இடையே ஒரு கை நுழையுமாயின், வரும் ஒளி தடைப்பட்டு உருவமே மறையும். இச்செய்தி பின்னர் மீண்டும் நினைவுகூரத்தக்கது.

ஒளியைக் கொண்டு இல்லாத உருவத்தை இருப்பதுபோற் காட்டும் முயற்சிக்கு நீண்ட மரபுண்டு. இலண்டன் றோயல் பொலிரெக்னிக் நிறுவனத்தில் 1862 ஆம் ஆண்டு டிசம்பர் 24 ஆம் திகதி, சார்ள்ஸ் டிக்கன்சின் கதையொன்றைத் தழுவி ஜோன் ஹென்றி பெப்பர் நிகழ்த்திய காட்சி அம்மரபிற் புகழ்பெற்றது. ஹென்றி டேர்க்ஸ் என்பார் முன்னர் வகுத்த முறையைத் திருத்தி, சாய்வாக நிறுத்திய பெரிய கண்ணாடித் தகட்டினால், மறைவிடத்தில் ஒளியூட்டப்பட்ட நடிகரை மேடையில் ஆவியாகத் தோன்றச் செய்தார் பெப்பர். இதே உத்தி பின்னர் விளையாட்டுப் பொறிக்குள்ளும் புகுந்தது. 1978 இல் ஜப்பானில் தோன்றிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டின் நிமிர்ந்த பெட்டிகளில், கீழே கிடந்த திரையின் ஒளி பாதி ஊடுருவும் கண்ணாடியிற் பட்டுத் தெறித்து, பின்னே வரைந்து வைக்கப்பட்ட நிலாத் தரையின்மீது வேற்றுலக உருவங்களாக மிதந்தது. எனவே ‘டைம் ட்ரவலர்’ முன்னோரற்ற புதுமையன்று. மேடைக் கலையிலிருந்து பொறிக்குள் இறங்கிய ஒரு பழைய ஆசையின் வளர்ச்சி அது. அவ்வாசையைக் கடைசிப் படிவரை கொண்டுசென்று பார்த்தமையே அதன் தனித்தன்மை.

இக்காட்சி முறை உள்ளடக்கத்தை எவ்வாறு வகுத்தது என்பது அடுத்துக் கருதத்தக்கது. குழிவாடி திரையிலுள்ள ஒளியை மாத்திரமே வெளியிற் குவிக்கும். திரையில் இருள் உள்ள இடத்தில் எதுவும் தோன்றாது. ஆதலின் உருவங்கள் காற்றில் நிற்கவேண்டுமாயின் அவற்றைச் சூழ எங்கும் இருளே இருத்தல் வேண்டும். வானமோ நிலமோ மரமோ வீடோ காட்டினால், காட்சி மீண்டும் ஒரு சட்டமிட்ட படமாகிவிடும், மாயை குலைந்துவிடும். இதனால் இவ்விளையாட்டில் இடம் என்பதே இல்லாமற் போயிற்று. இடம் இல்லாத கதை, காலங்களுக்கிடையே பயணஞ் செய்யும் கதையாக அமைந்தமைதான் வேடிக்கை.

ஒரு காலத்தை இன்னொரு காலத்திலிருந்து வேறுபடுத்துவன எவை? மக்கள் எதனை உண்டார்கள், எவ்வாறு உழைத்தார்கள், யாருடைய நிலத்தில் யார் பயிரிட்டார்கள், எவருக்கு எவர் அஞ்சினார்கள் என்பனவே. காலப் பயணக் கதைக்கு இலக்கிய மதிப்பைத் தேடித்தந்த எச். ஜி. வெல்ஸ், 1895 இல் வெளியிட்ட நாவலில், தம் காலத்து இங்கிலாந்தின் வர்க்கப் பிளவைத் தொலைதூர எதிர்காலத்தில் இரு வேறு உயிரினங்களாகப் பிரிந்து நிற்கக் காட்டினார். அங்கு காலப் பயணம் சமுதாய விமரிசனத்துக்கான கருவியாயிற்று. ‘டைம் ட்ரவலர்’ விளையாட்டிலோ, யுகத்துக்கு யுகம் மாறுவது உடையும் படைக்கலமுமே. தோலாடை அணிந்தவன் ஆதிகாலத்தவன். கவசம் அணிந்தவன் இடைக்காலத்தவன். பளபளக்கும் உடையணிந்தவன் எதிர்காலத்தவன். எல்லாக் காலத்தவருக்கும் தொழில் ஒன்றே: வந்து தாக்குதல். வரலாறு முழுவதும் ஓர் உடை அலுமாரியாகச் சுருங்கிவிட்டது. அவ்வலுமாரியின் வழியே மேற்கமெரிக்கக் காவலன் ஒருவன் துப்பாக்கியோடு நடந்துசென்று எல்லா யுகங்களையும் ஒழுங்குபடுத்துகின்றான் என்னும்போது, கதையின் கருத்துநிலை தன்னைத் தானே வெளிப்படுத்திக்கொள்கிறது. ஆடி விதித்த நிபந்தனையால் மட்டும் இவ்வறுமை நேர்ந்ததெனக் கொள்ளல் பொருந்தாது. வெறுமையான மேடையில் ஓர் உலகையே எழுப்பிக் காட்டும் ஆற்றல் கூத்துக்கும் நாடகத்துக்கும் உண்டு. அங்கு சொல்லும் அபிநயமும் இடத்தை உண்டாக்கும். இங்கு அவற்றுக்கு இடமளிக்கப்படவில்லை.

அதற்கான காரணத்தை ஆடும் முறையில் தேடவேண்டும். இவ்விளையாட்டை வடிவமைத்த றிக் டயர், 1983 இல் வெளிவந்த ‘ட்ராகன்ஸ் லெயர்’ விளையாட்டின் மூலம் பெயர் பெற்றவர். அதில் டொன் புளூத் என்னும் இயங்குபட ஓவியரின் கைவண்ணத்தில் உருவான ஏறத்தாழ 22 நிமிட இயங்குபடம் லேசர் வட்டொன்றிற் பதியப்பட்டிருந்தது. அக்காலத்துக் கணனிப்பொறிகள் சதுரப் புள்ளிகளால் உருவங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, திரைப்படத் தரத்திலான ஓவியங்கள் அசைந்தமை கூடங்களில் பெரும் பரபரப்பை ஏற்படுத்திற்று. பிற விளையாட்டுக்களை 25 சதத்துக்கு ஆடியோர், இதற்கு 50 சதம் இடவும் தயங்கவில்லை. எட்டு ஆண்டுகளின் பின் டயர் அதே முறையை எடுத்து, ஓவியத்தின் இடத்தில் நடிகரையும், திரையின் இடத்தில் ஆடியையும் அமர்த்தினார்.

அம்முறை வருமாறு: இத்தகைய லேசர் வட்டின் ஒரு பக்கத்தில் 54,000 தனிச்சட்டங்கள், அதாவது 30 நிமிடக் காட்சி, அடங்கும். ஒவ்வொரு சட்டத்துக்கும் இலக்கம் உண்டு. கணனி செய்வதெல்லாம் உரிய இலக்கத்தைத் தேடி அங்கிருந்து காட்சியை ஓடவிடுதலே. எதிரி பாயும் கணத்தில், ஆடுவோன் பிடியை உரிய திசையிற் சாய்த்தோ பொத்தானை அழுத்தியோ விடையளிக்க வேண்டும். விடை சரியாயின், வீரன் தப்பும் காட்சி தொடரும். பிழையாயின், அல்லது ஒரு கணம் பிந்தினால், அவன் மடியும் காட்சி தோன்றும். ஒவ்வொரு வினாவுக்கும் சரியான விடை முன்னரே குறிக்கப்பட்டுள்ளது. வீரன் எவ்வாறு தப்புவான் என்பதும் எவ்வாறு மடிவான் என்பதும் ஆடுவோன் நாணயத்தை இடுவதற்கு நெடுநாள் முன்னரே நடித்து முடிக்கப்பட்டவை.

இதன் பொருள் யாது? எளிய புள்ளிகளாற் கட்டப்பட்ட ‘பக்-மான்’ போன்ற 1980 ஆம் ஆண்டின் விளையாட்டிற்கூட, ஆடுவோன் பிடியை ஒரு நூலளவு பிந்தித் திருப்பினால் அதற்கேற்ப உருவமும் பிந்தித் திரும்பும். அவனது தயக்கம், துணிவு, பேராசை யாவும் உருவத்தின் நடையிற் பதியும். ஆடிமுடித்த ஓர் ஆட்டம் இன்னோர் ஆட்டத்தைப் போல் இருப்பதில்லை. ‘டைம் ட்ரவலர்’ விளையாட்டில் மார்ஷல் கிராமின் ஓர் அடியைக்கூட ஆடுவோன் எடுத்துவைப்பதில்லை. அவன் அனுமதிக்கிறான் அல்லது அனுமதியை இழக்கிறான்; அவ்வளவே. தேர்வு எழுதும் மாணவன் சரியான விடையின் கீழ்க் கோடிடுவதுபோன்றது அவன் செயல். திறமையாக ஆடுவோன் என்பவன் விடைகளை மனனஞ் செய்தவன். இடத்தை எழுப்பக்கூடிய சொல்லுக்கும் அபிநயத்துக்கும் ஏன் இங்கு இடமில்லை என்பதற்கும் இதுவே விளக்கம். ஒவ்வொரு காட்சியும் ஓர் ஐயவினாவாகப் பயன்பட வேண்டியிருத்தலின், அது சில விநாடிகளுக்குமேல் நீடித்தலாகாது.

இவ்வாறு நோக்குமிடத்து இவ்விளையாட்டின் அடிப்படை முரண்பாடு தெளிவாகிறது. உருவத்தைப் பெட்டியினின்றும் வெளியே கொணர்ந்து ஆடுவோனின் பக்கத்தில், அவனது காற்றில், அவனது கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தியது அது. அதே வேளையில், அவ்வுருவத்தின்மீது ஆடுவோனுக்கிருந்த ஆட்சியை முன்னைய விளையாட்டுக்கள் யாவற்றினும் குறைத்துவிட்டது. கண்ணுக்கு எவ்வளவு அண்மையோ, கைக்கு அவ்வளவு சேய்மை. இவ்விரண்டும் தற்செயலாக ஒன்றுசேர்ந்தவையல்ல. உண்மையான நடிகரின் உடலைக் காட்டவேண்டுமாயின் அவ்வுடல் முன்னரே படம்பிடிக்கப்பட்டிருத்தல் வேண்டும். முன்னரே படம்பிடிக்கப்பட்ட உடல் புதிதாக எதனையும் செய்யமாட்டாது. தோற்றத்தின் மெய்ம்மைக்காகச் செயலின் மெய்ம்மை விலையாகக் கொடுக்கப்பட்டது. ஆடிக்கும் விம்பத்துக்கும் இடையே கை நுழைந்தால் உருவம் மறையும் என மேலே கூறப்பட்ட பௌதிக உண்மை, இவ்வழகியல் உண்மைக்கும் பொருந்திவருதல் காண்க.

இம்முரண்பாடு கதைப் பொருளில் இன்னும் கூர்மை பெறுகிறது. காலத்தைத் தன் விருப்பப்படி வளைப்பவனே இங்கு கொடியவன். காலத்தின் இயல்பான ஓட்டத்தை மீட்பவனே வீரன். ஆனால் அவ்வீரனை இயக்குபவனுக்கு வாய்த்த காலமோ வட்டிலே உறைந்து கிடக்கும் காலம். அதில் அவன் எதனையும் மாற்றமுடியாது. இதனைவிட வியப்பானது, ‘காலத்தைத் திருப்பும் கனசதுரம்’ என்னும் ஏற்பாடு. வீரன் மடிந்ததும் அக்கனசதுரத்தைப் பயன்படுத்திச் சற்று முன்னைய கணத்துக்கு மீளலாம். கூடுதல் நாணயம் இட்டால் கூடுதல் கனசதுரங்களைப் பெறலாம். கதைக்குள் வல்கோர் செய்வது குற்றம். கதைக்கு வெளியே அதே செயல் விற்பனைப் பண்டம். ஆடுவோனுக்கு இவ்விளையாட்டு அளிக்கும் சுதந்திரம் எனக் கூறத்தக்கது ஏதேனும் உண்டெனில் அது இறப்பை மறுதலித்து மீள்வதாகும். அச்சுதந்திரத்துக்கும் விலை குறிக்கப்பட்டிருந்தது. நாணயப்பொறி விளையாட்டுக்கள் யாவும் வணிக நோக்குடையனவே. தோற்றவன் மீண்டும் நாணயமிடுவதே அவற்றின் பொருளாதாரம். அப்பொருளாதாரத்தைக் கதையின் மையப் படிமமாகவே ஆக்கிவிட்டு, அதன் முரண்நகையை உணராமலே இருந்த ஆக்கம் என்ற வகையில் ‘டைம் ட்ரவலர்’ குறிப்பிடத்தக்கது.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழுதல் கூடும். எந்த விளையாட்டிலும் விதிகள் உண்டு. ஆடுவோனின் சுதந்திரம் எங்கும் எல்லைக்குட்பட்டதே. அவ்வாறிருக்க இதனை மட்டும் குறைகூறுதல் முறையோ என வினவலாம். இம்மறுப்புக்கு விடைகாண, 1967 ஆம் ஆண்டு மொன்றியல் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லொவாக்கிய மண்டபத்தில் காட்டப்பட்ட ‘கினோஓட்டோமாட்’ என்னும் திரைப்பட முயற்சியை நோக்குதல் பயன் தரும். ராடூஸ் சின்செரா உருவாக்கிய அப்படம் குறித்த கட்டங்களில் நிறுத்தப்படும். அரங்கில் ஒருவர் தோன்றி, கதாநாயகன் அடுத்து யாது செய்யவேண்டும் எனப் பார்வையாளரை வினவுவார். அவர்கள் தத்தம் இருக்கையிலுள்ள பொத்தானை அழுத்தி வாக்களிப்பர். பெரும்பான்மையினரின் விருப்பப்படி கதை தொடரும். ஆயின், எவ்வழி சென்றாலும் கதை அடுத்த கட்டத்தில் ஒரே புள்ளிக்கு வந்துசேரும். ஈற்றில் கட்டடம் தீப்பற்றியே எரியும்.

அங்கும் பார்வையாளரின் தெரிவு பொருளற்றதே. ஆனால் அப்பொருளின்மையே படத்தின் பொருளாயிற்று. வாக்களிப்பதும் வாக்குக்குப் பயன் இருப்பதும் வெவ்வேறு என்பதைப் பார்வையாளன் தன் விரலாலேயே உணர்ந்து வெளியேறினான். அந்நாட்டின் அன்றைய அரசியற் சூழலில் அவ்வுணர்வு எத்துணைக் கூர்மையானது என்பதை விளக்கவேண்டியதில்லை. ஆகவே எல்லை இருத்தல் குறையன்று. எல்லையைக் கலைப்பொருளாக ஆக்குவதும் அதனை வியப்பினால் மூடிமறைப்பதுமே வேறுபாடு. ‘டைம் ட்ரவலர்’ தனது எல்லையை ஆடியின் ஒளியால் மறைத்தது. காலம் மாற்றமுடியாதது என்னும் பெரும் பொருள் அதன் கைவசமே இருந்தது. ஆடுவோன் எத்தனை முறை மீண்டாலும் அதே எதிரி அதே கணத்தில் அதே வாளோடு வருகிறான் என்பதில் அவலச்சுவை பொதிந்த ஒரு நாடகமே அடங்கியிருந்தது. அதனை எடுத்துப் பயன்படுத்தும் நோக்கம் ஆக்கியோருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

காலத்தின் தீர்ப்பும் இதனையே உறுதிப்படுத்துகிறது. 1991 ஆம் ஆண்டிலேயே கப்கொம் நிறுவனத்தின் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ வெளியாயிற்று. அதில் இருந்தவை வரைந்த உருவங்கள். காட்டியது சாதாரணத் திரை. ஆயின் எட்டு வீரருள் ஒருவரைத் தெரிந்து, ஆறு பொத்தான்களைக் கொண்டு இருவர் எதிரெதிரே ஆடலாம். எதிரே நிற்பவன் முன்னரே நடித்து முடித்தவன் அல்லன்; அக்கணத்திற் சிந்திக்கும் மனிதன். விளையாட்டுக் கூடங்களுக்குப் புத்துயிர் அளித்தது அதுவே. அடுத்த ஆண்டில் வந்த ‘மோர்ட்டல் கொம்பாட்’ நடிகர்களின் நிழற்படங்களைத் துண்டுதுண்டாக எடுத்து, ஆடுவோனின் கட்டளைக்கேற்ப அவற்றை இணைத்தது. நடிகரின் உடல் வேண்டும், அதன் செயல் ஆடுவோனுடையதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் இரட்டை வேண்டுகோளுக்கு அது ஓரளவு விடை கண்டது. சேகா நிறுவனமே 1992 இல் ‘ஹொலோசியம்’ என்னும் சண்டை விளையாட்டை அதே ஆடி அமைப்பில் வெளியிட்டமை, முன்னையதில் இல்லாதது எது என்பதை ஆக்கியோரும் உணர்ந்திருந்தனர் எனக் கருத இடந்தருகிறது. எனினும் அதற்குள் வியப்பு தணிந்துவிட்டது. ஆடிப்பொறி மரபு அதற்குமேல் வளரவில்லை. 2001 இல் ‘டைம் ட்ரவலர்’ வீட்டில் ஆடத்தக்க டீவீடி இறுவட்டாக வெளிவந்தபோது குழிவாடி இல்லை, காற்று இல்லை. கரிய திரையில் உடையணிந்த நடிகர் சிலர் வந்து வந்து மறைந்தனர். ஆடியை எடுத்துவிட்டால் எஞ்சுவது யாது என்னும் வினாவுக்கு அவ்வெளியீடு கிடைத்த விடையாகும்.

இவ்வளவும் கூறியபின் அவ்விளையாட்டின் சிறப்பையும் கூறாதுவிடுதல் நேர்மையாகாது. கணனி விளையாட்டின் உருவம் சட்டமிட்ட திரைக்குள்ளேயே இருந்தாகவேண்டும் என்னும் எண்ணத்தை அது கேள்விக்குள்ளாக்கிற்று. பெட்டியை ஒரு சிறு நாடக மேடையாகக் கண்டது. இருளில் ஒளியூட்டப்பட்ட சின்னஞ்சிறு மனிதரை மேலிருந்து குனிந்து நோக்கும் நிலை, பொம்மலாட்டத்தைப் பார்க்கும் குழந்தையின் நிலைக்கு ஒப்பானது. அதில் ஒரு வாஞ்சை உண்டு; அவ்வுருவங்களின் எளிமைமீது ஓர் இரக்கமும் உண்டு. 1977 இல் வெளிவந்த ‘ஸ்டார் வோர்ஸ்’ திரைப்படத்தில் சிறு ஒளியுருவமாகத் தோன்றி உதவி கோரிய இளவரசியைக் கண்ட ஒரு தலைமுறைக்கு, அத்தகைய உருவத்தைத் தன் கண்முன் காணும் வாய்ப்பை அது அளித்தது. அவ்வாசை பொய்யானதன்று. அதனை நிறைவேற்றிய முறையிலேதான் குறை நேர்ந்தது.

அக்குறை இன்றும் தீர்ந்தபாடில்லை என்பதே இப்பழைய பொறியை ஆராய்வதன் பயன். 2012 ஆம் ஆண்டு ஏப்ரலில், 1996 இல் கொல்லப்பட்ட டூபாக் ஷக்கூர் என்னும் பாடகர் கலிபோர்னியா மாநில இசைவிழாவொன்றில் ‘ஹொலோகிராமாக’ மேடையேறினார். அதுவும் ஹொலோகிராம் அன்று; பெப்பரின் கண்ணாடி உத்தியின் புதிய வடிவமே. இறந்தவரின் உருவம் பாடிற்று. பார்வையாளரின் ஆரவாரத்துக்கு அதனால் புதிதாக விடையிறுக்க முடியவில்லை. 2018 இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ‘பண்டர்ஸ்நாட்ச்’ பார்வையாளனைத் தெரிவுசெய்யப் பணித்து, தெரிவின் பொய்ம்மையையே கதையாக்கி, அறிந்தோ அறியாமலோ சின்செராவின் வழியிற் சென்றது. கண்களை முழுவதும் மூடும் கருவிகளை அணிந்து கற்பனை உலகினுட் புகும் காலம் இது. ஒவ்வொரு புதிய கருவியும் காட்சியை இன்னும் சற்று அண்மையிற் கொணர்வதாகவே உறுதியளிக்கிறது. அவ்வண்மையால் மனிதனின் பங்கு கூடுகிறதா குறைகிறதா என்னும் வினாவை அக்கருவிகளை ஆக்குவோர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அதனை எழுப்புதல் திறனாய்வாளனின் கடனாகும்.

காட்சியின் அண்மையும் பங்கேற்பின் அண்மையும் ஒன்றல்ல. முதலாவதை ஒரு குழிவாடி தரும். இரண்டாவது, ஆடுவோனின் செயலால் ஆக்கத்துக்குள் ஏதேனும் ஒன்று உண்மையாகவே மாறும்போது மட்டும் கிட்டும். மாறமுடியாததெனின், அம்மாறாமையையாவது அவன் உணரும்படி செய்தல் வேண்டும். ‘டைம் ட்ரவலர்’ இவ்விரண்டில் எதனையும் செய்யாது, காற்றில் நின்ற உருவத்தின் அழகை மட்டும் நம்பிற்று. அவ்வழகு முதல் நாணயத்துக்குப் போதுமானதாக இருந்தது. பத்தாவது நாணயத்துக்குப் போதவில்லை. ஒரு வடிவத்தின் நிலைபேறு முதற் பார்வையின் வியப்பிலன்றி, மீண்டும் வருவோனுக்கு அது புதிதாக யாது தரும் என்பதிலேயே தங்கியுள்ளது என்னும் பழைய இலக்கிய உண்மையை இப்பொறியும் மெய்ப்பித்துச் சென்றுள்ளது.